வழிநடையில் வயிறு கெட்டால் என்ன செய்வது?

(பண்ணை நேயர்களுக்காக, ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர் வழங்கிய வானொலிப் பேச்சு)



வழக்கமாக இந்த நேரத்தில் பூச்சி மருந்து, உரம், விதை நேர்த்தி இதைப்பற்றி எல்லாம் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நான் பேசப் போவது உங்கள் பயிரைப் பற்றி அல்ல, உங்கள் வயிற்றைப் பற்றி. அதிலும், ஊரை விட்டு வெளியே கிளம்பும்போது வயிற்றுக்கு வரும் கேட்டைப் பற்றி.

நாம் எப்போது வெளியே கிளம்புகிறோம்? கதிர் வீட்டுக்கு வந்து கொஞ்சம் மூச்சு விட்டதும் கிளம்புகிறோம். தைப்பூசத்துக்குக் காரைக்குடிச் சீமையிலிருந்து குன்றக்குடி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டு மலைக்குப் போகிறார்கள். நாகூர் கந்தூரிக்குப் போகிறார்கள். அறுவடைக்குக் கூலி வேலையாக வெளி மாவட்டம் போகிறவர்களும் உண்டு. எல்லாருக்கும் பொதுவான ஒன்று: மூன்று வேளையும் கண்ட இடத்துத் தண்ணீர், கண்ட இடத்துச் சோறு.

எனக்குப் பத்து வயசு இருக்கும். என் பெரியப்பா நடைப்பயணம் போய்விட்டு வந்தார். வந்த அன்று ராத்திரி வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரிப் போனது. "தண்ணி குடு, தண்ணி குடு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் இருந்த பெரியவர்கள், "வயித்தால போறவனுக்குத் தண்ணி குடுத்தா இன்னும் பிச்சுக்கிட்டுப் போகும்" என்று சொல்லி, துணியை நனைத்து உதட்டை மட்டும் துடைத்து விட்டார்கள். செம்பு என் கையில் இருந்தது. கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. விடியும்போது அவர் இல்லை.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்கள் அன்பினால்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் அது தப்பு. அந்தத் தப்பு இன்றைக்கும் சில வீடுகளில் நடக்கிறது. இந்தப் பேச்சில் வேறு எதை மறந்தாலும் சரி, ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தவருக்குத் தண்ணீரை நிறுத்தக் கூடாது. கூட்டிக் கொடுக்க வேண்டும்.

பயணத்தில் மட்டும் ஏன் வருகிறது?

"ஊர்த் தண்ணி ஒத்துக்கலை" என்று சொல்லுவோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. நம் ஊர்த் தண்ணீரிலும் கிருமி இருக்கும். ஆனால் நம் குடல் அதற்கு ஓரளவு பழகியிருக்கும். வேறு ஊர்க் கிருமி நமக்குப் புதிது. மீதிப் பாதி என்ன என்றால், கூட்டம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே வழியில் போகிறார்கள். கக்கூஸ் போதாது. வாய்க்கால் ஓரத்திலும் குளக்கரையிலும் ஒதுங்குகிறார்கள். மழை பெய்தால் அது குளத்துக்குள் போகிறது. ஈ அதில் உட்கார்ந்து சோற்றிலும் உட்காருகிறது. கை கழுவத் தண்ணீர் இல்லை. ஒருவர் மலத்தில் இருக்கும் கிருமி இன்னொருவர் வாய்க்குப் போவதுதான் இந்த நோய்களின் ஒரே பாதை. காலராவுக்கும் அதுதான், சீதபேதிக்கும் அதுதான், டைபாய்டுக்கும் அதுதான்.

இது புதிய சங்கதி அல்ல. 1867-ல் ஹரித்வார் கும்பமேளாவிலிருந்து காலரா கிளம்பி, ஊர் திரும்பிய யாத்திரிகர்கள் போன வழியெல்லாம் பரவியது. அப்போது காரணம் யாருக்கும் சரியாகத் தெரியாது. கெட்ட காற்று என்றார்கள், தெய்வக் குற்றம் என்றார்கள். 1884-ல் ஜெர்மன் அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவில் நோயாளிகளிடமும், அவர்கள் புழங்கிய குளத்துத் தண்ணீரிலும் அந்தக் கிருமியைக் கண்டு, இதுதான் காரணம் என்று காட்டினார். அதே கல்கத்தாவில் 1959-ல் சம்புநாத் டே என்ற நம் நாட்டு மருத்துவர், அந்தக் கிருமி ஒரு விஷத்தைக் கக்குகிறது, அந்த விஷம்தான் குடலிலிருந்து தண்ணீரை வெளியே இறைக்கிறது என்று கண்டுபிடித்தார்.

முதலில் தண்ணீர்

தெளிவாக இருக்கிற தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. கண்ணாடி மாதிரி இருக்கிற ஊற்றுத் தண்ணீரிலும் கிருமி இருக்கலாம். கலங்கல் தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துப் போட்டால் மண் அடியில் தங்கித் தெளிந்துவிடும். படிகாரமும் அப்படியே. நல்ல பழக்கம்தான். ஆனால் அது தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்த பிறகு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது.

அந்த வேலையை மூன்று விதமாகச் செய்யலாம்.

ஒன்று, கொதிக்க வைப்பது. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். உயரமான மலை மேல் என்றால் மூன்று நிமிஷம். கால் மணி நேரம் கொதிக்க வைத்து விறகை வீணாக்க வேண்டியதில்லை. ஆறிய பிறகு அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள். அழுக்குக் குடத்தில் மாற்றி ஊற்றினால் கொதிக்க வைத்த பலன் போய்விடும்.

இரண்டு, குளோரின் மாத்திரை. மருந்துக்கடையில் கிடைக்கும். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்று அட்டையில் போட்டிருக்கும். மாத்திரைக்கு மாத்திரை மாறும், பார்த்துப் போடுங்கள். போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். லேசாக மருந்து வாசனை வரும். அந்த வாசனை வந்தால்தான் நம்பிக்கை.

மூன்று, வெயில். நம் ஊரில் எது குறைந்தாலும் வெயில் குறையாது. வண்ணம் இல்லாத, கீறல் விழாத, இரண்டு லிட்டருக்கு மேற்படாத பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி, படுக்கை வாட்டில் நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் வைத்தால் பெரும்பாலான கிருமி செத்துவிடும். மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் தங்கி வேலை செய்யும் அறுவடைக் கூலிகளுக்கு இது வசதி.

வேட்டித் துணியில் வடிகட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். வங்காள தேசத்துக் கிராமங்களில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குளத்துத் தண்ணீரை வடிகட்டச் சொல்லிப் பார்த்தார்கள். 2003-ல் வந்த முடிவின்படி காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி தண்ணீரில் உள்ள சின்னஞ்சிறு பூச்சிகளைப் பற்றிக்கொண்டு இருக்கும். அந்தப் பூச்சி துணியில் தங்கிவிடுகிறது. ஆகவே ஒன்றுமே முடியாத இடத்தில் வடிகட்டுவது நல்லது. ஆனால் பாதிதான் குறையும், மீதிப் பாதி அப்படியே இருக்கும்.

பாட்டில் தண்ணீர் வாங்கினால் மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குடித்து முடித்ததும் பாட்டிலை நசுக்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் வேறு ஒருவர் பொறுக்கி நிரப்பி விற்கலாம்.

ஐஸ் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். குளிரில் கிருமி சாகாது, தூங்கும்; அவ்வளவுதான். கரும்புச் சாற்றிலும் சர்பத்திலும் போடுகிற ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது, எந்தச் சாக்கில் உருண்டு வந்தது என்று நமக்குத் தெரியாது. வெயிலுக்குக் குடிக்க வேண்டும் என்றால் நம் கண் முன்னால் வெட்டிய இளநீர் குடியுங்கள். கொதிக்கக் கொதிக்கக் கொடுக்கிற டீ நல்லது; டம்ளர் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்ததா என்று மட்டும் பாருங்கள்.

சோறும் பண்டமும்

விதி ஒன்றுதான்: சுடச்சுட இருப்பதைச் சாப்பிடுங்கள், நீங்களே உரித்ததைச் சாப்பிடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். ஆவி பறக்கிற இட்லி, கல்லிலிருந்து நேராக வந்த தோசை, உரித்துத் தின்னும் வாழைப்பழம், ஆரஞ்சு இவையெல்லாம் பயம் இல்லாதவை. அறுத்து வைத்து ஈ மொய்க்கிற தர்பூசணி, வெள்ளரிப் பிஞ்சு, திறந்து வைத்த தேங்காய்ச் சட்னி இவையெல்லாம் வேண்டாம். தேங்காய்ச் சட்னி வெயிலில் சீக்கிரம் கெடும்.

கட்டுச்சோறு கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புளியோதரையை நம் முன்னோர் வழிச்சோறாக வைத்ததில் அர்த்தம் இருக்கிறது. புளிப்பில் கிருமி சுலபமாக வளராது. தயிர்ச் சோறு, சாம்பார்ச் சோற்றை விட அது தாங்கும். அதற்காக இரண்டு நாள் வைத்துச் சாப்பிடலாம் என்று இல்லை. விடிகாலையில் கட்டியதை மதியத்தோடு முடித்துவிடுங்கள். சோற்றை ஆறவிட்டுக் கட்டுங்கள். சூடாகக் கட்டினால் உள்ளே வேர்த்துப் போய்ச் சீக்கிரம் ஊசிவிடும்.

"மறுபடி சூடு பண்ணினா சரியாப் போயிடும்" என்று அன்னதானப் பந்தலில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சரியாகப் போகாது. வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும் சோற்றில் சில கிருமிகள் விஷத்தை உண்டாக்கிவிடும். மறுபடி கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அந்த விஷம் சாகாது. சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் பெரும்பாலும் இந்த மாதிரி விஷச் சோறுதான் காரணம். சமைக்கிறவர் கையில் சீழ்ப் புண் இருந்தாலும் இதே கதி. அன்னதானம் செய்கிறவர்கள் கையில் புண் உள்ள ஆளைச் சமையலுக்கும் பரிமாறுவதற்கும் விடாதீர்கள். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிக்கிற அளவுக்கு மட்டும் வடியுங்கள். தீர்ந்தால் அடுத்த உலை வையுங்கள்.

கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். வெளிக்குப் போய் வந்த பிறகும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் சாம்பல் ஆகும், மண் ஆகாது. மண்ணில் பூச்சி முட்டை இருக்கும். மடியில் ஒரு சோப்புத் துண்டு முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் காசு பெறாத துண்டு, பல நோயைத் தடுக்கும்.

இத்தனைக்குப் பிறகும் வந்துவிட்டால்?

வரலாம். எவ்வளவு வேலி போட்டாலும் ஒரு ஆடு புகுந்துவிடும் இல்லையா? வந்துவிட்டால் பதற வேண்டாம். பயண வயிற்றுப்போக்கில் பெரும்பாலானது சில நாளில் தானே நின்றுவிடும். உயிரைக் குடிப்பது கிருமி அல்ல. உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுவதுதான். கடுமையான காலராவில் ஒரு பெரிய ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகும். காலையில் நடந்த ஆள் சாயங்காலம் கிடையாகிவிடுவது அதனால்தான்.

அப்படியானால் வெறும் தண்ணீர் குடித்தால் போதுமா? போதாது. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். குடல் என்பது வாய்க்கால் மாதிரி. நோய் வந்தால் ஒரு பக்கம் கரை உடைந்து தண்ணீர் வெளியே ஓடுகிறது. ஆனால் தண்ணீரை உடம்புக்குள் விடுகிற மதகு ஒன்று நோயிலும் கெடாமல் இருக்கிறது. அந்த மதகைத் திறக்க இரண்டு பேர் சேர்ந்து வர வேண்டும். ஒருவர் உப்பு, இன்னொருவர் சர்க்கரை. உப்பு மட்டும் வந்தாலும், சர்க்கரை மட்டும் வந்தாலும் மதகு நன்றாகத் திறக்காது. இரண்டும் சரியான அளவில் சேர்ந்து வந்தால் திறக்கும். பின்னாலேயே தண்ணீர் உள்ளே பாயும். உப்புச் சர்க்கரைக் கரைசலின் ரகசியம் இவ்வளவுதான்.

இது கைகண்ட மருந்து என்று நாட்டுக்குக் காட்டியது 1971-ஆம் வருஷம். கிழக்கு வங்காளத்தில் போர் நடந்து லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். போங்காவ் என்ற எல்லை ஊரில் காலரா வெடித்தது. ஆஸ்பத்திரியில் இடம் இல்லாமல் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். நரம்பில் ஏற்றுகிற குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்து போகும் நிலை. திலீப் மஹாலனபிஸ் என்ற குழந்தை மருத்துவர் துணிந்து ஒரு காரியம் செய்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து, பீப்பாய்களில் நிரப்பி, "வேண்டிய மட்டும் குடியுங்கள்" என்று விட்டுவிட்டார். நோயாளியின் அம்மாவும், அண்ணனும், தங்கையும்தான் டம்ளரில் பிடித்துப் பிடித்துக் கொடுத்தார்கள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அதற்கு முன் நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவாக ஆனது. அந்த மருத்துவர் 2022-ல் காலமானார். அதற்கு அடுத்த வருஷம் பத்மவிபூஷண் விருது அவர் பெயருக்கு வந்தது.

என் பெரியப்பா சாகும்போது எங்கள் வீட்டில் உப்பும் இருந்தது, சர்க்கரையும் இருந்தது, செம்பில் தண்ணீரும் இருந்தது.

கலக்கும் முறை

ஆரம்ப சுகாதார நிலையத்திலும், துணை சுகாதார நிலையத்திலும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம், அதாவது ஓ.ஆர்.எஸ். பொட்டலம், இலவசமாகக் கிடைக்கும். மருந்துக்கடையிலும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்திக் கொடுத்த அளவுதான் இப்போது நடைமுறை: லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, அதோடு பொட்டாசியமும் சிட்ரேட்டும். பொட்டலத்தின் மேல் இந்தக் கணக்கு அச்சடித்திருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டிப் பார்த்து வாங்குங்கள். மருந்துப் பொட்டலம் மாதிரியே அட்டைப் பெட்டியில் இனிப்புப் பானங்கள் வருகின்றன. அவற்றில் சர்க்கரை அதிகம். அவை மருந்து அல்ல.

பொட்டலத்தில் இரண்டு தினுசு உண்டு. பெரியது ஒரு லிட்டருக்கு. சின்னது 200 மில்லிக்கு, அதாவது ஒரு டம்ளருக்கு. இங்கேதான் தப்பு நடக்கிறது. ஒரு தாய், பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். "மருந்து கெட்டியா இருந்தா சீக்கிரம் கேக்கும்னு நெனச்சேன் சார்" என்றது அந்தப் பிள்ளை. அப்படிக் கொடுத்தால் உப்பு ஏறி ஆபத்து. உரத்தை அளவுக்கு மேல் போட்டால் பயிர் கருகும் அல்லவா? அதே கதைதான். பாதிப் பொட்டலத்தை இன்று, பாதியை நாளை என்று பிரிக்கவும் கூடாது. முழுப் பொட்டலம், முழு லிட்டர். டீயிலோ, பாலிலோ, சர்பத்திலோ கலக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரில் மட்டும். கலந்ததை மூடி வைத்து ஒரு நாளைக்குள், அதாவது 24 மணி நேரத்துக்குள், தீர்க்க வேண்டும். மிஞ்சினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

பொட்டலம் இல்லாத இடத்தில் என்ன செய்வது? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர். ஆறு தேக்கரண்டி சர்க்கரை. அரைத் தேக்கரண்டி உப்பு. தேக்கரண்டி என்றால் சின்ன டீ ஸ்பூன். குவியலாக அல்ல, விரலால் வழித்துத் தலைதட்டி. கலந்து நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரை விட உப்புக் கரிக்கக் கூடாது. கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். வங்காள தேசத்தில் 1980-களில் வீடு வீடாகப் போய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மார்களுக்கு இதைக் கற்றுக் கொடுத்தார்கள். அங்கே சர்க்கரைக்குப் பதில் வெல்லம்.

சர்க்கரையும் இல்லை என்றால் அரிசிக் கஞ்சி இருக்கிறது. நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி ஒரு லிட்டருக்கு அதே அரைத் தேக்கரண்டி உப்பு. நம் பாட்டிமார்கள் கொடுத்த வைத்தியம்தான். இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. நல்ல தண்ணீரில் கடைந்த உப்பு மோரும் ஆகும். இளநீர் நல்லது, ஆனால் அதில் உப்பு குறைவு. கடுமையாகப் போகும்போது இளநீரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

எவ்வளவு கொடுப்பது?

ஒவ்வொரு தடவை பேதி ஆனதும், இரண்டு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர். இரண்டிலிருந்து பத்து வயசுப் பிள்ளைக்கு அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர். பெரியவர்களுக்கு வேண்டிய மட்டும். மடக் மடக்கென்று குடித்தால் வாந்தி வரும். சப்பிச் சப்பிக் குடிக்க வேண்டும். குழந்தைக்குக் கரண்டியால் ஊட்டுங்கள். வாந்தி எடுத்துவிட்டால் விட்டுவிடாதீர்கள். பத்து நிமிஷம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு கரண்டி வீதம் மறுபடி ஆரம்பியுங்கள்.

தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குப் பாலை நிறுத்தவே கூடாது. சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். இட்லி, குழைந்த சோறும் தயிரும், வாழைப்பழம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். "வயிறு காயட்டும்" என்று பட்டினி போட்டால் பிள்ளை இளைக்கும், குணமாவதும் தாமதமாகும். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை, ஜிங்க் என்பார்கள், 14 நாள் கொடுக்கச் சொல்லுவார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம். அதற்குக் கீழே இருந்தால் அளவை நர்ஸம்மா சொல்லுவார். பேதி நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். முழுக் கணக்கும் கொடுத்தால் அடுத்த தடவை வருவதையும் அது குறைக்கும்.

பேதியை உடனே நிறுத்துகிற மாத்திரை என்று கடையில் கேட்டு வாங்குகிறார்கள். குழந்தைகளுக்கு அது கூடவே கூடாது. பெரியவர்களுக்கும், காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் கூடாது. கிருமியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது மாதிரி ஆகிவிடும். ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் அப்படித்தான். தேவைப்படும் நோய் சிலதுதான், அதை டாக்டர் சொல்ல வேண்டும். கண்டபடி விழுங்கினால், பூச்சிக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்த வயல் மாதிரி, கிருமி மருந்துக்கு மசியாமல் போய்விடும். ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வயிற்றுப்போக்கு வந்தால் சீக்கிரமே டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவை அவர் மாற்ற வேண்டி வரலாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

மலத்தில் ரத்தம் வந்தால், அரிசி கழுவின தண்ணீர் போலக் கொட்டினால், குடித்ததெல்லாம் வாந்தியாகி ஒன்றும் தங்காவிட்டால், கடுங்காய்ச்சல் இருந்தால், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டால், கண் குழி விழுந்து, நாக்கு வறண்டு, ஆள் சோர்ந்து மயங்கினால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் மெதுவாகப் படிந்தால் உடனே கிளம்புங்கள். மூன்று நாளாகியும் நிற்காவிட்டாலும் காட்டுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயசானவர்கள் விஷயத்தில் இவ்வளவு காத்திருக்கவும் வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும் வரையிலும், வண்டியில் போகும்போதும், ஆள் தெளிவாக விழுங்குகிற வரையில் கரைசலைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

வழியோரத்துக் கிணற்றுக்காரர்களுக்கு

உங்களில் பலர் நடக்கிறவர்கள் அல்ல. நடக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறவர்கள். ரோட்டோரத்தில் பம்புசெட் வைத்திருப்பவர்கள் பந்தல் போட்டு மோரும் தண்ணீரும் கொடுக்கிறீர்கள். பெரிய புண்ணியம். ஒரு பந்தலில், "அண்ணே, தண்ணிக்கு மருந்து போட்டீங்களா?" என்று கேட்டேன். "எங்க பாட்டன் வெட்டின கிணறு சார், தேனு மாதிரித் தண்ணி, இதுக்கெதுக்கு மருந்து?" என்றார். "கிணறு உங்க பாட்டன் வெட்டினதுதான் அண்ணே. ஆனா நேத்து ராத்திரி அந்த வரப்புல ஒதுங்கினவங்க எத்தனை பேருன்னு பாருங்க" என்று காட்டினேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், "சரி சார், எப்படிப் போடணும், சொல்லுங்க" என்றார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன். ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். வட்டக் கிணறாக இருந்தால் குறுக்களவை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் எத்தனை ஆயிரம் லிட்டர் என்று வரும். மூன்று மீட்டர் அகலம், நாலு மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28 ஆயிரம் லிட்டர். அதற்கு 70 கிராம் பவுடர். பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, ஐந்து பத்து நிமிஷம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் இறுத்துக் கிணற்றில் இறக்கி நன்றாக அலசி விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இறைக்கலாம். ராத்திரி போட்டுவிட்டால் காலையில் பந்தலுக்குத் தயார். பவுடரைத் திறந்து வைத்தால் வீரியம் போய்விடும். மூடி, ஈரம் படாமல் வையுங்கள். வெறுங்கையால் அள்ள வேண்டாம். கிணறு மிகப் பெரிசு என்றால், பந்தலில் வைக்கிற டிரம் தண்ணீருக்கு மட்டும் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் வைத்துக் கொடுங்கள்.

டிரம்முக்குக் குழாய் வைத்துவிடுங்கள். டம்ளரோடு கையையும் உள்ளே முக்கினால் போட்ட மருந்து வீண். மோருக்கும் அதே தண்ணீர்தான் சேர்க்க வேண்டும். பக்கத்தில் கை கழுவ ஒரு குடமும் சோப்பும் வையுங்கள். ஒதுங்குவதற்குக் கிணற்றிலிருந்து தூரமாக, பள்ளமான பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கி மறைப்புக் கட்டி, குழி வெட்டி, போய்விட்டு மண் தள்ளச் சொல்லுங்கள். பந்தலில் பத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் இருக்கட்டும். ஒரு ராத்திரியில் ஓர் உயிருக்கு அது போதும்.

புறப்படும்போது பையில் என்ன வைக்க வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு நாலு பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம், குளோரின் மாத்திரை அட்டை ஒன்று, சோப்புத் துண்டு, சொந்த டம்ளர், மூடியுள்ள ஒரு லிட்டர் பாட்டில், ஒரு தேக்கரண்டி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை. எல்லாம் சேர்ந்து ஒரு தேங்காய் எடைகூட வராது.

அப்புறம் ஒன்று. கூட வருகிறவர் யாராவது ராத்திரியில் "தண்ணி குடு" என்று கேட்டால், யார் என்ன சொன்னாலும், எத்தனை பெரியவர்கள் தடுத்தாலும், கரைத்துக் கொடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். செம்பு அவர்கள் கையிலும் இருக்கலாம்.

நல்லபடியாகப் போய்விட்டு, நல்லபடியாக வீடு திரும்புங்கள்.